நேரலைக் கேமராவில் மலை ரயில் பார்ப்பது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரலைக் கேமராவில் ரயில் பார்ப்பது என்றால் பெரும்பாலான நேரம் ரயில் இல்லாத தண்டவாளத்தைப் பார்ப்பதுதான். இது தெரியாமல் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் அலுத்துப்போய் வேறு எதையாவது தட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். எங்கள் அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஆளே இல்லாத தண்டவாளத்த இவ்வளவு நேரமா என்னடா பாத்துட்டிருக்க" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. காத்திருக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று பிடிபட்ட பிறகுதான் இதில் ருசி தட்டியது, அதனால் இங்கே பாதிக்கு மேல் காத்திருப்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதல் வேலை, ஒரே ஒரு கேமராவைப் பிடித்துக்கொள்வது. யூடியூபில் தேடினால் ஏகப்பட்டது வரும். ஆசையில் ஏழெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் எந்த இடமும் மனதில் நிற்காது. ஒரு வாரத்துக்கு ஒரே இடம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அல்டூனா ஊருக்கு மேற்கே அலெகனி மலையில் இருக்கும் ஹார்ஸ்ஷூ கர்வ். பெயருக்கேற்ற மாதிரி குதிரை லாடம் போலவே வளைந்த பாதை. விர்ச்சுவல் ரெயில்ஃபேன் என்ற சேனல் அங்கிருந்து நேரலை கொடுக்கிறது. ஏன் இந்த இடம் என்றால், இரவு பகல் பார்க்காமல் கூட்ஸ் வண்டிகள் ஓடும் பாதை இது, அதோடு லாடத்தின் உள்பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது, கேமராவும் அங்கேதான். அதனால் வண்டி நம் முன்னால் குறுக்கே போய் மறைவதில்லை, நம்மைச் சுற்றிக்கொண்டு போகிறது. நீளமான வண்டியாக இருந்தால் எஞ்சின் ஒரு பக்க மலைச்சரிவில் போய்க்கொண்டிருக்கும்போதே கடைசிப் பெட்டிகள் எதிர்ப்பக்கச் சரிவில் வந்துகொண்டிருக்கும்.

உட்காரும் முன்பு அந்த வளைவு எதற்காக வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் வெறும் தண்டவாளம்கூட வேறு மாதிரி தெரியும். பிலடெல்பியாவிலிருந்து பிட்ஸ்பர்க் போக 1830களில் பெரும்பாலும் கால்வாய்ப் படகுதான் வழி, நடுவில் அலெகனி மலை குறுக்கே நின்றது. அங்கே மட்டும் சரிவான பாதைகளில் வடம் கட்டி, நீராவி எஞ்சினால் இழுத்து ஏற்றி மறுபக்கம் இறக்கினார்கள். 1834இல் வந்த ஏற்பாடு அது. பயணம் முடிய நாலு நாள் ஆகும். பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் தலைமை எஞ்சினியர் ஜான் எட்கர் தாம்சன் வடமே இல்லாமல் மலையேற வேண்டும் என்று நினைத்தார், ஆனால் நேராக ஏறினால் எஞ்சினால் இழுக்க முடியாத செங்குத்து. சரி, பாதையை நீட்டிவிடுவோம் என்று பள்ளத்தாக்கின் ஒரு பக்கமாக உள்ளே போய், கோடியில் திரும்பி, மறுபக்கமாக வெளியே வரும்படி வளைத்துவிட்டார். இரண்டு ஓடைப் பள்ளங்களை மண் கொட்டி நிரப்பியதும் மலையைக் குடைந்து விளிம்பு வெட்டியதும் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த சுமார் 450 தொழிலாளிகள், கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் வைத்துக்கொண்டு. 1854 பிப்ரவரி 15 அன்று பாதை திறந்தது. வளைவின் நீளம் 2,375 அடி, அதாவது முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

ஏற்றம் எவ்வளவு தெரியுமா, 100 மீட்டர் போனால் 2 மீட்டர்கூட ஏறாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிற வண்டியில் போனவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் நீலகிரியில் பல்சக்கரம் இருக்கிறது, பெட்டியும் நாலைந்துதான். இங்கே வெறும் இரும்பின் மேல் இரும்பு, பின்னால் நூறு பெட்டி. அந்தச் சின்ன ஏற்றத்துக்கே எஞ்சின்கள் படும் பாட்டைத்தான் நீங்கள் கேட்கப்போகிறீர்கள்.

அடுத்தது நேரம். இதில்தான் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். பென்சில்வேனியா கடிகாரம் நம்மைவிட அங்கே கோடைக் காலத்தில் ஒன்பதரை மணி நேரமும், நவம்பரிலிருந்து மார்ச் வரை பத்தரை மணி நேரமும் பின்னால் ஓடுகிறது. நாம் வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்குச் சாய்ந்து உட்காரும்போது அங்கே காலை எட்டரை, பனி விலகி வெயில் மலைமேல் இறங்கும் நேரம். ராத்திரி சாப்பிட்டு முடித்து ஒன்பதரைக்குப் பார்த்தால் அங்கே நட்டநடு மத்தியானம். தூக்கம் வராதவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம் விடிகாலை நாலு மணி அங்கே மாலை ஆறரை, மஞ்சள் வெயில்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பெரிய திரை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நல்ல ஹெட்ஃபோன் மட்டும் கட்டாயம், காரணம் பிறகு சொல்கிறேன். மொபைல் டேட்டாவில் பார்க்கிறவர்கள் தரத்தை 480பியில் வைத்துக்கொள்ளுங்கள். 720பியில் விட்டால் ஒரு மணி நேரத்துக்கே ஏறக்குறைய ஒரு ஜிபி போய்விடும், தினசரி டேட்டா முடிந்து மெசேஜ் வரும் நேரத்தில்தான் வண்டியும் வரும். வண்டி வரும் சத்தம் கேட்டதும் தரத்தைக் கூட்டிக்கொள்வது என் பழக்கம். இன்னொன்று, நேரலையை நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து ஓடவிடும்போது அது விட்ட இடத்திலிருந்துதான் ஓடும். ஒரு நாள் சாப்பிடப் போகும்போது நிறுத்திவிட்டு வந்து, ஒன்றரை மணி நேரம் பழைய காட்சியை நேரலை என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருக்கும் சிவப்புப் புள்ளி மங்கியிருந்தால் அதைத் தட்டுங்கள், நிகழ்காலத்துக்கு வந்துவிடும். பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதியும் பெரும்பாலான நேரலைகளில் உண்டு. கைவிட்டுப்போன வண்டியின் எஞ்சின் எண்ணைப் பார்க்க அது உதவும், ஆனால் முதல் வாரத்தில் அதைத் தொடாதீர்கள் என்பேன். எப்போது வேண்டுமானாலும் பின்னால் போகலாம் என்று ஆகிவிட்டால் யாருமே காத்திருக்கமாட்டார்கள்.

வண்டி வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது

கண்ணை விடக் காது முக்கியம், ஹெட்ஃபோன் இதற்குத்தான். பிட்ஸ்பர்க் பக்கம் ஏறுகிற வண்டி, கண்ணில் படுவதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்பே கேட்க ஆரம்பிக்கும். முதலில் அது எஞ்சின் சத்தம் மாதிரியே இருக்காது, தூரத்தில் யாரோ மாவு மில் ஓட்டுகிற மாதிரி ஒரு அடித்தொண்டை இரைச்சல், காற்று திரும்பினால் மறைந்து மறுபடி வரும். அது மறையாமல் நின்று தடிமனாக ஆக ஆரம்பித்தால் வண்டி பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். இறங்குகிற வண்டி வேறு ஜாதி. அது உறுமாது. எஞ்சினின் மோட்டார்களையே ஜெனரேட்டராக்கி வேகத்தைப் பிடிக்கும் பிரேக் ஒன்று உண்டு, அதில் வரும் மின்சாரத்தை வெப்பமாக மாற்றி வெளியே விட ஃபேன்கள் சுற்றும், அதனால் ஒரு உயர்ந்த ஊளைச் சத்தம்தான் முதலில் கேட்கும். சில சமயம் அதுவும் கேட்காது, திடீரென்று எதிர்ப்பக்க மரங்களுக்கு நடுவில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். வளைவில் எல்லா வண்டிக்கும் பொதுவானது சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசும் கீச்சொலி. பல்லைக் கூசவைக்கும், ஆனால் ஒரு மாதத்தில் அதுதான் பிடித்துப்போகும்.

நாலைந்து நாள் கழித்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், திரையைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்காமலே "வருது பாரு, ஏறுற வண்டி" என்றார். சரியாக மூன்று நிமிஷம் கழித்து வந்தது. இரண்டு எஞ்சின் முன்னால், இரண்டு பின்னால்.

அந்தப் பின்னால் வரும் எஞ்சின்களைக் கவனியுங்கள், அதுதான் இந்த இடத்தின் விசேஷம். கனமான வண்டிகளை மலையுச்சியில் இருக்கும் கலிட்சின் வரை தள்ளிவிட இப்படிக் கூடுதல் எஞ்சின்களைச் சேர்ப்பார்கள். நம் ரயில்வேக்காரர்கள் பேங்கர் என்பது இதைத்தான். உச்சி தாண்டியதும் வேலை முடிந்து, கழற்றிக்கொண்டு காலியாகத் திரும்பி இறங்கும். ஆகவே பெட்டியே இல்லாமல் இரண்டு எஞ்சின்கள் மட்டும் ஜோடியாக இறங்கி வருவதைப் பார்த்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் ஏதோ ஒரு கனத்த வண்டி மேலே போயிருக்கிறது, அடுத்த வண்டியைத் தள்ள இவை கீழே போகின்றன என்று புரிந்துகொள்ளலாம். ஒரு தடவை இது புரிந்துவிட்டால் வண்டி வராத நேரத்திலும் பாதையில் என்ன நடக்கிறது என்று மனதில் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும்.

சில கேமராக்களில் ரயில்வே ரேடியோவின் ஒலியையும் சேர்த்துக் கொடுப்பார்கள், கிடைத்தால் விடாதீர்கள். அமெரிக்கப் பாதைகளில் வழிநெடுக ஒரு கருவி வைத்திருப்பார்கள், கடந்துபோகும் வண்டியில் அச்சு சூடாகியிருக்கிறதா, ஏதாவது கீழே இழுபடுகிறதா என்று சோதித்துவிட்டு இயந்திரக் குரலில் அதுவே ரேடியோவில் அறிவிக்கும், பழுது இல்லை, மொத்த அச்சுகள் இத்தனை என்று. உதாரணத்துக்கு 474 என்று சொன்னால் பேனாவை எடுங்கள். எஞ்சினுக்குப் பெரும்பாலும் ஆறு அச்சு, ஐந்து எஞ்சின் என்றால் முப்பது, மீதி 444. சாதாரணப் பெட்டிக்கு நாலு அச்சு, ஆக 111 பெட்டி. வண்டி வந்ததும் எண்ணிச் சரிபாருங்கள், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. இரட்டை அடுக்குக் கன்டெய்னர் வண்டியில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும், அடுத்தடுத்த பெட்டிகள் நடுவில் ஒரே சக்கரத்தொகுதியைப் பகிர்ந்துகொள்வதுண்டு.

இனி எதைப் பார்த்தோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்தப் பாதை நார்ஃபோக் சதர்ன் கம்பெனியுடையது, அவர்கள் எஞ்சின் கறுப்பு, மூக்கில் வெள்ளைக் குதிரை. மஞ்சள் எஞ்சின் வந்தால் யூனியன் பசிபிக், ஆரஞ்சு என்றால் பிஎன்எஸ்எஃப், இரண்டும் மேற்கிலிருந்து விருந்தாளியாக வந்தவை. 2012இல் நார்ஃபோக் சதர்ன் தன் முப்பதாம் ஆண்டுக்காக, தன்னோடு காலப்போக்கில் இணைந்துபோன பழைய கம்பெனிகளின் நிறத்தில் இருபது எஞ்சின்களுக்குப் பெயின்ட் அடித்தது. அதில் ஒன்று கண்ணில் பட்டால் அன்று நரி முகத்தில் முழித்த மாதிரி. பூங்காவுக்குள்ளேயே ஒரு பழைய பென்சில்வேனியா ரயில்ரோடு டீசல் எஞ்சின் காட்சிக்காக நிற்கிறது, எண் 7048. கோணம் திரும்பி அது திரையில் தெரிந்தபோது, ஏதோ வண்டி சிக்னலுக்கு நிற்கிறது, இதோ கிளம்பிவிடும் என்று நான் நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். அது 1985இலிருந்து அங்கேதான் நிற்கிறது என்று பிறகு தெரிந்தது.

பயணிகள் ரயில் வேண்டும் என்றால் அமெரிக்காவின் பயணிகள் ரயில் கம்பெனியான ஆம்ட்ராக்கின் பென்சில்வேனியன் இருக்கிறது, நியூயார்க்குக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடுவது. காலையில் பிட்ஸ்பர்க்கில் கிளம்பிக் கிழக்கே வருகிற வண்டி, அங்கே கோடை என்றால் நம் மாலை ஏழு மணியை ஒட்டி வளைவைக் கடக்கும். ஆம்ட்ராக் தளத்தில் அல்டூனா நேரத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குக் கால் மணி நேரம் முன்பே உட்காருங்கள். வெள்ளிநிறப் பெட்டிகள், சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். உண்மையைச் சொன்னால், கூட்ஸ் வண்டிக்குப் பழகிய கண்ணுக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

மலையைப் பார்ப்பது தனி. அலெகனி நம் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி நிமிர்ந்து நிற்காது, காடு போர்த்திய நீள முகடுகள். அக்டோபரில் அந்தக் காடு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக மாறும்போது அலுவலகத்துக்கு லீவு போட்டுப் பார்க்கலாம், நான் போட்டிருக்கிறேன், காரணம் காய்ச்சல் என்று. இலை உதிர்ந்த பிறகும் விட்டுவிடாதீர்கள், கோடையில் மரம் மறைத்த இடமெல்லாம் குளிர்காலத்தில் திறந்துகொள்ளும், எதிர்ச்சரிவில் வண்டி போவது நன்றாகத் தெரியும். ராத்திரியில் பார்த்தால் முதலில் மரங்கள் மட்டும் வெளுக்கும், அப்புறம் அந்த வெளிச்சம் மலைச்சரிவில் விளக்குமாறு மாதிரிக் கூட்டிக்கொண்டே வந்து கேமராவை நேராகக் குத்தும்.

ஒரு வாரம் ஆனதும்

இந்த இடம் பழகிவிட்டால் இரண்டாவதாக கலிஃபோர்னியாவின் டெஹாச்சப்பி லூப். இடத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அந்தப் பகுதி நேரலைகள் கிடைக்கும். இங்கே பாதை வளைவதோடு நிற்காமல் முழு வட்டம் போட்டுத் தன்னையே தாண்டி மேலே போகிறது. இலங்கையில் தெமோதரையில், ஸ்டேஷனில் இருந்து கிளம்பிய வண்டி சுற்றிவந்து அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்தில் நுழையுமே, அந்த வித்தை. 1876இல் சதர்ன் பசிபிக் கட்டியது, எஞ்சினியர் வில்லியம் ஹூட், உடல் உழைப்பு பெரும்பாலும் சீனத் தொழிலாளிகளுடையது. ஒரு சுற்றில் 77 அடி ஏறுகிறது. வண்டி 1.2 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் எஞ்சின்கள் தங்கள் வாலுக்கு மேலேயே நடந்துபோகும், இங்கே பார்க்க வேண்டியதே அந்த ஒரு கணம்தான். எஞ்சின் வட்டத்தை முடிக்கும்போது கீழே சுரங்கவாயைப் பாருங்கள், பெட்டிகள் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றனவா என்று. யூனியன் பசிபிக்கின் பாதை, பிஎன்எஸ்எஃப் வண்டிகளும் ஓடும், ஆக மஞ்சளும் ஆரஞ்சும் இங்கே உள்ளூர்க்காரர்கள். பயணிகள் ரயில் கிடையாது, கடலோரப் பாதை அடைபட்டு கோஸ்ட் ஸ்டார்லைட் வண்டியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால்தான் உண்டு. வட்டத்துக்கு நடுவில் குன்றின்மேல் ஒரு வெள்ளைச் சிலுவை தெரியும், 1989 சான் பெர்னார்டினோ ரயில் விபத்தில் இறந்துபோன இரண்டு ரயில்வே ஊழியர்களுக்காக வைத்தது.

டெஹாச்சப்பியின் கடிகாரம் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நம் காலைக் காப்பிக்கு அங்கே சாயங்காலம். கோடையில் மலை முழுக்க வைக்கோல் நிறத்தில் காய்ந்த புல், நடுநடுவே ஓக் மரங்கள் புள்ளி வைத்த மாதிரி நிற்கும். குளிர்கால மழைக்குப் பிறகு சில வாரம்தான் பச்சை.

பகல் நேரத்துக்கு ஒன்று வேண்டுமா, சுவிட்சர்லாந்து. நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. ஆனால் அங்கே எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். மலையுச்சிக் கேமராக்களில் பல, ஓடும் வீடியோ கிடையாது, சில நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் சுற்றுவட்டப் படங்கள். கோர்னர்கிராட் 3,089 மீட்டர், 1898இலிருந்து பல்சக்கர ரயில் ஏறுகிற இடம், எதிரே மேட்டர்ஹார்ன் சிகரம். மலைக்கு அது போதும், ரயில் படத்தில் விழுவது உங்கள் ராசி. ராசியைக் கொஞ்சம் வளைக்க வழி உண்டு, சுவிஸ் வண்டிகள் பெரும்பாலும் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிஷத்தில் வரும். பெர்னினா பாதையில் ஏதாவது ஒரு ஸ்டேஷனைக் காட்டும் கேமராவைப் பிடித்து, சிவப்பு வண்டி எந்த நிமிஷத்தில் படத்தில் விழுந்தது என்று ஒரு தடவை குறித்துக்கொண்டால் அன்று முழுக்க அந்தக் கணக்கு ஓடும். அமெரிக்கக் கூட்ஸ் வண்டிக்கு இந்த ஜம்பம் பலிக்காது, நேரம் சொல்லி வைத்து வருகிற ஆசாமி இல்லை அது.

கடைசியாக, மூடுபனி நாட்கள். ஹார்ஸ்ஷூ கர்வில் சில காலைகளில் திரை முழுக்கப் பால் ஊற்றின மாதிரி இருக்கும், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுங்கள். ஏறுகிற வண்டி ஒரு காதில் ஆரம்பிக்கும். முன் எஞ்சின்கள் கடந்து போய்ச் சத்தம் குறையும், அப்புறம் பெட்டிகள், கீச்சு, தடதட, கீச்சு, எண்ணவே முடியாது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது பேங்கர்களின் உறுமல் புதிதாகக் கிளம்பி முழு வளைவையும் மறுபடி சுற்றிவரும். திரையில் அப்போதும் வெள்ளைதான்.